முத்திரை உடைத்த அறிவியல் பெட்டியை உடனே திருப்பித் தருமாறு வேண்டி

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
செங்கல் சூளைச் சாலை.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: செய்முறை அறிவியல் பெட்டியைப் பயன்படுத்தியதற்காக எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை – பெட்டி எடுத்துச் செல்லப்பட்டது – முறையீடு.

பார்வை: ஏப்ரல் 3ஆம் தேதியிட்ட, விளக்கம் கோரும் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரும்படி குறிப்பாணை கூறுகிறது. விளக்கத்தையும் என் புகாரையும் ஒரே மனுவில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

1. பதினோரு ஆண்டுகளாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தி வருகிறேன். மின்சுற்றுப் பாடத்துக்குக் கரும்பலகையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கோடுகள் வரைவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். அழகாக வரைந்தவர்களுக்கு நல்ல மதிப்பெண். சென்ற பிப்ரவரி வரை என் கையால் ஒரு பல்பைக்கூட நான் எரிய வைத்ததில்லை.

2. கடந்த ஜூன் மாதம் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி நடந்தது. மண்டபத்தில் தொண்ணூறு பேர் இருந்தோம். மேடையில் ஒரே ஒரு பெட்டி. பயிற்றுநர் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டினார். கடைசிக்கு முந்தைய வரிசையிலிருந்து எனக்கு அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. முடிவில், ‘கையால் செய்து கற்றேன்’ என்ற படிவத்தில் எல்லோரும் கையெழுத்திட்டோம். நானும் இட்டேன். அது தவறு. ஆனால் குறிப்பாணையில் அத்தவறு இடம்பெறவில்லை.

3. ஜூலையில் எங்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி முத்திரையுடன் வந்தது. தலைமையாசிரியர் அதைத் தமது அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். “திறந்தா ஏதாவது ஒண்ணு குறையும். குறைஞ்சா நம்ம ரெண்டு பேர் தலையும்தான் உருளும்மா” என்றார். அவர் பொல்லாதவர் அல்லர். முன்பு பணியாற்றிய பள்ளியில் உடைந்துபோன ஒரு பூகோள உருண்டைக்காக மூன்று ஆண்டுகள் பதில் எழுதியவர். சூடு கண்ட பூனை. பார்வையாளர்கள் வந்த இரண்டு முறை பெட்டி வெளியே வந்து, புகைப்படம் எடுக்கப்பட்டு, மறுபடியும் உள்ளே போனது.

4. ஏழாம் வகுப்பில் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள் படிக்கிறாள். எதைச் சொன்னாலும் “எதுக்கு?” என்று கேட்பதால் வகுப்பில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர். பிப்ரவரியில் ஒரு நாள் என் கரும்பலகைப் படத்தைப் பார்த்து, “டீச்சர், இப்படி மாட்டினா நெஜமாவே எரியுமா? நீங்க எரிய வச்சுப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். “பாத்திருக்கேன்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. மறுநாள் பெட்டியைக் கேட்டேன். தலைமையாசிரியர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். எங்கள் பள்ளிக்குத் தோட்டம் கிடையாது. முத்திரையை உடைத்தது நான்தான்.

6. நாற்பத்து மூன்று பிள்ளைகளின் முன் கம்பிகளை மாட்டினேன். பல்பு எரியவில்லை. கழற்றி மாட்டினேன். எரியவில்லை. அதற்குமேல் என்னால் நடிக்க முடியவில்லை. “நேத்து நான் பொய் சொன்னேன். நானும் இதுவரைக்கும் எரிய வச்சதில்ல” என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தச் சிறுமி எழுந்து வந்து, “அப்ப சேந்தே பாப்போம் டீச்சர்” என்றாள். பேட்டரிக்கு அடியில், தயாரித்தவர்கள் செருகிய மெல்லிய பிளாஸ்டிக் துண்டு உருவப்படாமல் இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். உருவினாள். எரிந்தது. எழுந்த கூச்சலில், ஏதோ விபத்து என்று பயந்து சமையலறை அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

7. அதன்பின் ஏழு வாரங்கள் பெட்டி வகுப்பிலேயே இருந்தது. மதிய உணவுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த சூளைப் பிள்ளைகள் முதல் மணிக்கே வந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியையும் வந்து தரையில் உட்கார்ந்தார். மாடித் தொட்டி தினமும் நிரம்பி வழிந்து, அதைப் பார்க்கத் தலைமையாசிரியர் முழங்கால் வலியோடு ஏணி ஏறுவது வழக்கம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பொருட்களால் ஒரு மிதவையைச் செய்தார்கள். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். இரண்டு தகடுகள் தொடும். கீழே மணி ஒலிக்கும். இப்போது அவர் ஏணி ஏறுவதில்லை.

8. குறிப்பாணையில் கண்டுள்ள குறைபாடுகள் அனைத்தும் உண்மை: பல்பு இரண்டு, மோட்டார் ஒன்று, விளிம்பு உடைந்த லென்ஸ் ஒன்று. ஒவ்வொன்றும் எப்படிப் பழுதானது என்பதை அச்சிறுமி தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: “பல்பு 2. நாலு பேட்டரி போட்டோம். அதுக்கு ரெண்டே போதும். இனி தெரியும்.” இதைவிடச் சரியான விளக்கம் என்னிடம் இல்லை. நகல் இணைத்துள்ளேன்.

9. ஏப்ரல் 2 அன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி பொருட்களை எண்ணினார். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் படிவத்தில் ‘இருப்பு’, ‘குறைவு’ என இரண்டே கட்டங்கள் உள்ளன. ஜூன் வரை நடக்கும் அறிவியல் கண்காட்சியில் வைக்க என்று பெட்டியை எடுத்துக்கொண்டார். “அங்க இத யாரு தொடுவாங்க சார்?” என்று அச்சிறுமி கேட்டாள். அவர் வண்டியில் ஏறினார். அதே ஆய்வில், முத்திரை கலையாமல் பெட்டியைப் பாதுகாத்த ஆறு பள்ளிகளுக்குப் பாராட்டுக் கடிதம் வழங்கப்பட்டதாக அறிகிறேன். ஐயா, என் புகார் இதுதான்.

10. குறிப்பாணையில் என் பெயர் மட்டுமே உள்ளது. தலைமையாசிரியர் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஓய்வு பெற அவருக்கு ஓராண்டே மீதம். நேற்று இம்மனுவின் வரைவைப் படித்துவிட்டு, “சாவியக் குடுத்தது நான்னு எழுதலையேம்மா” என்றார். ஐந்தாம் பத்தியை அவர் சொல்லித்தான் சேர்த்தேன். கீழே அவரும் கையெழுத்திட்டுள்ளார்.

ஆகவே, தாங்கள் கருணையுடன் கவனிக்க வேண்டுபவை: அடுத்த பயிற்சியில் ஆறு ஆசிரியர்களுக்கு ஒரு பெட்டியேனும் வைத்து, எங்கள் கைகளைப் பழக விட வேண்டும். ஆய்வுப் படிவத்தில் ‘பயன்பட்டுத் தேய்ந்தது’ என்றொரு கட்டம் சேர்க்க வேண்டும். எனக்கு எத்தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். ஆனால் அது பிள்ளைகள் மேல் விழக் கூடாது.

பெட்டியை மட்டும் உடனே திருப்பித் தர வேண்டும். காற்றில் சுழலும் இறக்கையைக் கொண்டு விளக்கு எரிய வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. சூளை இம்மாதம் 30ஆம் தேதி அணைக்கப்படும். அன்றே அச்சிறுமியின் குடும்பமும் இன்னும் ஒன்பது பிள்ளைகளின் குடும்பங்களும் வேறு சூளை தேடிப் போய்விடும். எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியாது. கண்காட்சி முடிந்து ஜூனில் பெட்டி வந்தால், பெட்டி இருக்கும், நான் இருப்பேன். அவள் இருக்க மாட்டாள்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,

இடம்: பள்ளி வளாகம்
நாள்: ஏப்ரல் 9

(ஒப்பம்)
அறிவியல் ஆசிரியை

(ஒப்பம்)
தலைமையாசிரியர்
சாவியைக் கொடுத்தவன் என்ற முறையில்