சீசர் படுக்கும் போர்வை

மே 12, திங்கள்

விடிந்ததுமே அனல். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. நேற்று அரியலூரிலிருந்து வந்தேன். பள்ளி விடுமுறை. அடுத்த திங்கள் அண்ணனின் முதல் வருஷ நினைவுப் பூசை. அதுவரை அண்ணிக்குத் துணை.

வாங்க: மெழுகுவர்த்தி, டீத்தூள், எனக்கு முட்டிக்குத் தைலம்.

சீசர் எழுந்து வரவில்லை. படுத்தபடியே வாலை ஒரு தட்டு. முன்பெல்லாம் அண்ணனோடு பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவான். தடவிப் பார்த்தேன். காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே, எங்கும் உண்ணி. சில, ஆமணக்கு விதை போல ஊதி.

அவன் படுத்திருப்பது அண்ணனின் பச்சைப் போர்வை மேல். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று கட்டிலிலிருந்து சரிந்தது. அண்ணி அதைத் துவைக்கவில்லை, மடிக்கவும் இல்லை. சரிந்த இடத்திலேயே ஒரு வருஷமாக.

"வெந்நீர்ல போட்டுரலாமா அண்ணி?"

"அது கெடக்கட்டும்."

மீன் குழம்பு நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்

காற்றே இல்லை. ஜெயங்கொண்டம் போய் இடுக்கியும் நாய் ஷாம்பும். திரும்புவதற்குள் நடந்துவிட்டது.

வாசலிலேயே காரநெடி. சீசர் முனகிக்கொண்டு முதுகைச் சுவரில் தேய்க்கிறான். அண்ணி முந்திரித் தோல் எண்ணெய் தடவியிருக்கிறார். கரையான் வராமல் கதவு நிலைக்குப் பூசுகிற அதே எண்ணெய். பக்கத்து வீட்டில் முந்திரி உடைக்கும் ஆரோக்கியம்மாளிடம் கேட்டு வாங்கியதாம்.

"கரையானே சாவுது, உண்ணி சாவாதான்னு நெனச்சேன் ஸ்டெல்லா."

"கையில பட்டாலே வெந்துருமே அண்ணி. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தேங்காண்ணெயில கலந்துதான் வச்சேன். கொஞ்சூண்டு."

அவர் விரல் நுனிகளும் கறுத்துத் தோலுரிந்திருந்தன. இருவரும் சேர்ந்து சீசரைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். முதுகில் ஒரு கையகலம் சிவந்து, மயிர் கொட்டுகிறது. போர்வையைத் துவைக்காமலிருக்க ஒரு வழி தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

மே 14, புதன்

உடையார்பாளையம், கால்நடை மருத்துவமனை. ஆட்டோவில் சீசர் என் மடியில். கனமே இல்லை.

ஏறும்போது ஆரோக்கியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "நாய்க்கு ஆட்டோ, ஆஸ்பத்திரி. எனக்கு மூட்டு வலின்னா சுக்குத்தண்ணி. அடுத்த பொறப்புல ஒங்க வூட்டு நாயாப் பொறக்குறேன் டீச்சர்."

"நமக்கு ஏதுக்கா அடுத்த பொறப்பு? ஃபாதர் காதுல வுழுந்துரப் போவுது," என்றார் அண்ணி. நான் வந்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

டாக்டர் இளம்பெண். சீசரின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல். இரத்தம் குறைந்துவிட்டது.

"நான் தடவுன எண்ணெயால வந்துச்சுங்களா மேடம்?"

"அது தோல் புண்ணுங்கம்மா, ஆறிடும். இனிமே தடவாதீங்க. காய்ச்சல் உண்ணி கடிச்சு வந்தது, முன்னாடியே இருந்திருக்கு. எதுல படுக்குறான்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "போர்வையில," என்றார் கடைசியில்.

சொன்னவை:
– மாத்திரை காலை, மாலை. வெறும் வயிற்றில் கூடாது.
– முதுகில் விடும் சொட்டு மருந்து, புண் ஆறியபின்.
– உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க. சோப்புத் தண்ணீரில் போட.
– சுவர் வெடிப்பு, கட்டில் சந்து அடைக்க. நாய் மேல் இருப்பதைவிட அங்கேதான் அதிகமாம்.
– படுக்கை: கொதிநீர். இல்லாவிட்டால் எரிக்க.

"மறுபடி ஏறுனா தாங்க மாட்டாம்மா."

தைலம் வாங்க மறந்தேன்.

மே 15, வியாழன்

மேகம் மட்டும். சீசர் சோறு தொடவில்லை. மாத்திரைக்காகப் பால் கொஞ்சம். மூக்கோரம் இரத்தம், காய்ந்தது.

சுவர் வெடிப்புக்குச் சிமெண்டு பூசினேன், கோணல்மாணலாக. "சிமெண்டு ஊர்லயே குடியிருக்க, பூசத் தெரியலையே," என்று அண்ணி கரண்டியை வாங்கிக்கொண்டார்.

சாக்கு விரித்து அதில் படுக்க வைத்தோம். நகர்ந்து நகர்ந்து போர்வைக்கே போனான். கால் தடுமாறுகிறது, ஆனாலும் போகிறான். அண்ணி சிமெண்டுக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 16, வெள்ளி

புகை வாசனையில் விழிப்பு. கொல்லையில் அண்டா நிறையத் தண்ணீர், கொதி வந்துவிட்டது. அண்ணி போர்வையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"நீயே போடு. என்னால ஆவாது."

உள்ளே போய்விட்டார்.

போடுமுன் முகத்தருகே வைத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. தூசி. நாய் வாடை. அண்ணனின் சுருட்டு நெடி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், எதுவுமில்லை. ஒரு வருஷம் ஆயிற்று, எப்படி இருக்கும்? போட்டுக் கழியால் அமுக்கினேன். தண்ணீர் பழுப்பாயிற்று. உண்ணிகள் மேலே வந்தன.

அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று அண்ணியிடம் சொல்லலாம். சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

தூறல். மண் நனையவில்லை. நாளை பூசை, பூ சொல்லியாயிற்று, மெழுகுவர்த்தி இருக்கிறது.

ஈறில் லேசாகச் சிவப்பு. காலையில் சோறு தின்றான், அண்ணி உருட்டிக் கொடுக்க. பிழைத்துக்கொள்வான் போல.

பிற்பகல் அண்ணி, காய்ந்த போர்வையைப் பழைய இடத்திலேயே விரித்தார். "வா சாமி, வந்து படு."

வந்தான். நின்றபடி மோந்தான். ஒரு மூலை, அடுத்த மூலை. மூக்கை மடிப்புக்குள் நுழைத்து நுழைத்துத் தேடினான். முழுக்க ஒரு சுற்று முடித்து, முதல் மூலைக்கே வந்து மறுபடி தேடினான். படுக்கவில்லை. வாசலுக்குப் போய், பஸ் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"போயிருச்சு ஸ்டெல்லா," என்றார் அண்ணி.

இருந்திருக்கிறது. என் மூக்குக்குத்தான் எட்டவில்லை.

மாலை மாத்திரையை வாசலிலேயே கொடுத்தேன்.