விண்ணப்பத்தில் நான் சேர்த்த வரிகள்

பாப்பா,

நீ கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாய். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

கல்லூரி விண்ணப்பத்தில் 'சொந்த ஆர்வங்கள்' என்ற இடத்தில் நீ எழுதியிருந்தது ஒரே வரி: காகிதப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திக் கைபேசியில் அசையும் படம் எடுப்பேன். மொட்டையாக இருக்கிறதே என்று, தட்டச்சு செய்து அனுப்பக் கொண்டுபோன நான், நீ மூன்று நாடுகளில் பரிசு வாங்கியதாகவும் உன்னிடம் இருநூறு மாணவர்கள் பயின்றதாகவும் சேர்த்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் இங்கிலீஷைப் பார்த்துத் தட்டச்சுக் கடைக்காரரே அசந்துபோனார். நேர்காணலில் சான்றிதழ் கேட்டபோது நீ தலைகுனிந்து நின்றாய். கிடைக்க வேண்டிய இடம் போனது.

இன்று கல்லூரிக்குப் போனேன். காவலாளி எனக்கு சல்யூட் அடித்தார். சரி, அடிக்கவில்லை. மாணவர் சேர்க்கையைப் பார்க்கும் மேடத்திடம், "தப்பு என்னோடதுங்க, பொண்ணுக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

"அவ எடுத்த படத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் உன் மாமன் இந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னேன். நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

"இல்லைங்க."

"திங்கக்கிழமை அவளை ஒரு படத்தோட வரச் சொல்லுங்க. நீங்க வர வேணாம்."

நான் வரவில்லை, நீ மட்டும் போ. போவதற்கு முன் எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவாயா? முடியும்வரை வாயைத் திறக்காமல் பார்ப்பேன்.

உன் மாமா