சாமி விளக்கின் பிளக்

ஜூன் 9, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "அம்மா, அவள் தொடட்டும்."

மூன்றே சொல். வாய்வரை வந்தது.

பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வெற்றிச்செல்வி வந்திருந்தாள். அங்கே டி.டி.பி. சென்டரில் இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே விட முடியாமல் நான் சொந்த ஊரான வரதராஜன்பேட்டைக்கே வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்க, பாகம் பாகமாகச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர். அதன் பவர் சப்ளை வெற்றி கொடுத்தது. தன் பழைய கம்ப்யூட்டரை விற்றபோது அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாளாம். "ஒனக்குன்னு எடுத்து வச்சேன்டி. ராசியான சாமான்."

ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்த அன்று அதில் செருகிய மல்டி பிளக்கின் ஒரு பக்கத்தில் சாமி விளக்கு, பன்னிரண்டு வருஷமாக. மறுபக்கம் கிறிஸ்மஸுக்கு சீரியல் செட் போடுவோம். அதில் கம்ப்யூட்டரைச் செருகினேன். விசிறி சுற்றியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். வெற்றி கையை நீட்டி அந்தப் பிளக்கைத் தொட்டாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல கை வைக்காதம்மா. சாமியார் மந்திரிச்சு வச்ச வெளக்கு. எங்காளுங்க மட்டுந்தான் தொடுவோம்."

"சரிங்கம்மா" என்றாள் வெற்றி. அதன்பிறகு உட்காரக்கூட இல்லை.

எங்காளுங்க. அம்மா இந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தாள்? நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறும்போது, "அந்த பிளக் சூடா இருக்குடி, பாத்துக்க" என்றாள். "இந்த வெயில்ல எதுதான் சூடா இல்ல" என்றேன். பேச எவ்வளவோ இருந்தது. பேசியது இதுதான்.

ஜூன் 14, வெள்ளி

கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக உயிர்பெற்றது. இரண்டு தடவை. கடல் ஆமைகளைப் பற்றிய புத்தகம். காலையிலிருந்து அமைத்த பதினோரு பக்கம் போயிற்று.

ஜூன் 15, சனி

மெமரி அட்டையான ராமைக் கழற்றி அதன் பித்தளை நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எந்தக் கோளாறுக்கும் வெற்றியின் முதல் வைத்தியம் அதுதான். பிறகு இரண்டு ராமில் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினேன். அணைந்தது. மற்றதைப் போட்டேன். அணைந்தது. ஆக, ராம் இல்லை.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. அப்போதுதான் குற்றவாளி தெரியும். இதைப் பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும். நானே எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருகிட்ட பேசற?" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

பிராசசர் சூடாகிறதோ என்று விசிறியைக் கழற்றித் துடைத்து, சூட்டைக் கடத்துகிற பேஸ்டைப் புதிதாகத் தடவினேன். இல்லை, அதுவும் இல்லை.

திரு இருதய மாதம் என்பதால் அம்மா சாயங்காலம் படத்தின் முன்னால் செபமாலை சொல்கிறாள். பாதியில் நிறுத்தி, "ஏ புள்ள, ஒம் பொட்டி அணையறப்பல்லாம் சாமி வெளக்கும் சிமிட்டுது. என்னத்தக் கொண்டாந்து வூட்டுக்குள்ள வச்சிருக்க?" என்றாள்.

விளக்கும் சிமிட்டுகிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று வீட்டு மின்சாரத்தையே பிடித்து இழுக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் நுழைகிற இடம் பவர் சப்ளை.

வெற்றி கொடுத்தது.

ஜூன் 20, வியாழன்

கேபினெட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் போனேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. சர்வீஸ் கடை மணிவண்ணன் மூன்று மணி நேரம் ஓட விட்டார். ஒருமுறைகூட அணையவில்லை.

"நல்லாத்தான ஓடுது. கடையப் பாத்துப் பயந்துடுச்சு போல."

"வீட்டுல அணையுதுங்க."

"அப்ப வூட்டத்தான் தூக்கிட்டு வரணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினேன். இருபது நிமிஷம் தாங்கியது.

ஜூன் 22, சனி

பதிப்பகத்திலிருந்து போன். ஜூலை ஒன்றுக்குள் கோப்பு வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம்.

வெற்றிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: உன் பவர் சப்ளை சரியில்லை.

"எனக்கு நல்லாத்தான்டி ஓடுச்சு. வேற எதாச்சும் இருக்கும், பாரு. நான் வேணா லீவு போட்டுட்டு வரவா?"

வரவா என்றதும் அம்மா தட்டிவிட்ட அந்தக் கை நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம். வராதே என்று சொல்லவும் முடியவில்லை. அதற்குப் பதிலாக எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், நான் மறக்கக்கூடாது:

"வேணாம். ஓசில வந்தத நம்புனது என் தப்பு."

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 24, திங்கள்

அரியலூர். புதுப் பவர் சப்ளை. வெற்றியுடையதை மணிவண்ணன் வாங்கி மேல் தட்டில் போட்டார். வரும்போது திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 27, வியாழன்

மூன்று நாள் ஒழுங்காக ஓடிற்று. இன்று மதியம் அணைந்தது. புதியதோடு.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அம்மா கத்தினாள். விளக்கு அணைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் கரண்ட் போனால் தவிர அணையாத விளக்கு. "என்ன ஆகப்போவுதோ" என்று உட்கார்ந்துவிட்டாள். தீய்ந்த பிளாஸ்டிக் வாடை வந்தது.

மெயினை அணைத்துவிட்டு மல்டி பிளக்கை இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததில் சாக்கெட்டின் ஒரு துண்டோடு கையில் வந்தது. ஒரு பின் கருகியிருந்தது. ஒரு பக்கம் உருகி வழிந்து இறுகிப்போயிருந்தது.

எலக்ட்ரீசியன் செல்லதுரை அண்ணன் வந்து பார்த்தார். "உள்ள புடிப்பே இல்ல பாப்பா. சின்ன வெளக்குக்குத் தாங்கிச்சு. கம்ப்யூட்டர் போட்டதும் சூடாயி, வுட்டு வுட்டுப் புடிச்சிருக்கு. ஒரு நாளாச்சும் கழட்டிப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே."

ராமைக் கழற்றினேன், விசிறியைக் கழற்றினேன். வீட்டிலேயே யாரும் கழற்றாத ஒன்றை நானும் கழற்றவில்லை. அம்மாவைக் குறைசொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அவர் போன பிறகு ஒன்பதாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. சூடா இருக்குடி, பாத்துக்க.

அம்மா கருகிய பிளக்கை மடியில் வைத்திருந்தாள். அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ள அன்னைக்கே தொட்டுப் பாத்துச்சு. நாந்தான் கையத் தட்டிவுட்டேன்" என்றாள். பிறகு, "போன் போட்டுக் குடு" என்றாள்.

போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

புது சாக்கெட். விளக்குக்குத் தனி, கம்ப்யூட்டருக்குத் தனி. ஆமைகள் முடிந்தன. கோப்பை அனுப்பிவிட்டேன்.

வெற்றிக்கு நான்கு தடவை எழுதி அழித்தேன். நன்றாக எழுத எழுத அது பொய்யாகிக்கொண்டே போனது. கடைசியில் அனுப்பியது: "கெட்டுப்போனது நீ தொட்ட அந்தப் பிளக்தான். உன் சாமான் நல்லா இருக்கு. அம்மா உன் கையைத் தட்டிவிட்டப்ப நான் பேசாம இருந்தேன். அதுக்கு அப்பறம் அப்படி எழுதினேன். ரெண்டும் நான் செஞ்சது. மன்னிச்சுக்க."

பார்த்துவிட்டாள்.

ஜூலை 3, புதன்

அரியலூர் போய் மேல் தட்டிலிருந்த பவர் சப்ளையைக் கேட்டேன். "கெட்டதுன்னுதான குடுத்தீங்க?" என்றார் மணிவண்ணன். நல்லதுதான் என்றேன். "ஆக, வூடுதான். நான் சொன்னேன்ல?" என்று சிரித்தார். ஆமாங்க என்றேன்.

கம்ப்யூட்டரில் மறுபடி அதையே மாட்டினேன். புதியது பீரோவின் மேல் இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

வெற்றியிடமிருந்து எதுவும் இல்லை. பெரம்பலூரிலிருந்து வருகிறவர்கள் கடைசியாக மாறி ஏறும் பஸ் மூன்று மணிக்கு வரும். அது போகும்வரை வாசலில் நின்றேன், காரணம் இல்லாமல்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

புதன்கிழமை வெற்றியிடமிருந்து ஒரு வரி வந்தது: "வெளக்கு எரியுதா?"

எரிகிறது என்று எழுதினேன். அம்மா உன்னை வரச்சொல்லுகிறாள் என்றும் எழுதினேன். இரண்டையும் பார்த்தாள். அதன்பிறகு அவள் எழுதவில்லை. கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை.