தண்ணீரை முந்தக் கூடாத ஓலை

மங்கலம் பொலிக. நாவல் பழுத்து உதிரும் கரைகளையும் நெல் விளையும் மண்ணையும் உடைய வெண்ணாவல் நாட்டின்மேல் வானம் இரக்கம் கொள்க. பகைவர் ஏறாத மதிலும் பசித்தவர் வெறுங்கையோடு திரும்பாத வாயிலும் கொண்ட நாவற்குடி மாநகரில், முன்னோர் வைத்த வெண்கல அரியணையில் வீற்றிருந்து குடிகாக்கும் கோமான் வயவரையர் திருமுன்பு, அவருடைய முத்திரை மோதிரம் பெற்ற தூதுத் தலைவனும், எந்த நாட்டு அவையிலும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லி மீண்டவன் என்று அவர் வாயாலேயே பாராட்டப்பெற்றவனுமாகிய நெடுங்காவன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. இதை நான் ஒரு மரப்பலகையில் அமர்ந்து எழுதுகிறேன். அந்தப் பலகையைச் சுற்றி அரிசிமாவுக் கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்ட என்னால் முடியவில்லை என்பதே இவ்வோலையின் பொருள்.

முதலில் நற்செய்தி. கடம்பந்துறை நாட்டு அரசி நங்கைப் பெருமாட்டியார் நலமாக உள்ளார்; தங்கள் நலமும் நம் குடிகளின் நலமும் கேட்டார். தங்கள் விருப்பப்படியே பிளவுக்கல் மதகைத் திறந்து நம் வாய்க்காலுக்கு நீர் விட இசைந்து, உடன்படிக்கையையும் எழுதச் செய்துவிட்டார். இன்று மாலை விளக்கேற்றியதும் அவர் தம் முத்திரையையும் நான் தங்கள் முத்திரையையும் வைப்பதாக ஏற்பாடு. நாளைக் காலையில் அவர் கப்பலேறித் தம் மகளைக் காணச் செல்கிறார். மழைக்காலம் கழிந்தே திரும்புவார். நாற்றங்கால்கள் மஞ்சள் பூத்து நிற்பதைத் தாங்களே குதிரையேறிச் சென்று கண்டீர்கள். ஆகவே இன்று முத்திரை விழாவிட்டால் இந்த ஆண்டு நம் நாட்டில் நடவு கிடையாது. இதை நினைவில் வைத்து மேலே கேட்டருள்க.

இன்று இந்நாட்டில் வட்டத் திருநாள். நாள் குறித்தபோது இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கமில்லை என்பது தங்களுக்குத் தெரிந்ததே. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகள் தட்டு, பானை வாய், தேர்ச்சக்கரம் என்று கையில் அகப்பட்ட வட்டத்தையெல்லாம் நூல் போட்டு அளந்துகொண்டும், அளந்ததைப் பாட்டாகக் கத்திக்கொண்டும் இருந்தார்கள். ஆசிரியரைச் சுற்றிக் கோடு போட்டுச் சிறைவைத்திருந்தார்கள். அவரும் பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கணக்கைக் கொண்டாடும் ஒரு நாட்டை நான் இதுவரை கண்டதில்லை. நம் நாட்டுப் பிள்ளைகள் கணக்கு என்றால் வயிற்றுவலி என்பார்கள். கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்துவிட்டு வந்தேன்.

பள்ளியில் முடிந்த திருநாள் அப்படியே வீடுகளுக்கு வருகிறது. இன்று உண்பவை அனைத்தும் வட்டமாகவே இருக்க வேண்டுமாம்; நான் ஆசையோடு கேட்ட பிட்டு மறுக்கப்பட்டது. நான் தங்கியிருப்பது மதகு அதிகாரியின் இல்லம். அவர் அரண்மனைக்குச் சென்றிருக்க, அவர் மனைவி பூங்கொடியாள் எனக்கு அப்பம் பரிமாறினாள். அவர்கள் மகள் அல்லியங்கோதை, முன்பல் விழுந்த சிறுமி, அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சியில் மாவை நிரப்பிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். விருந்தினரை வாழ்த்தும் சடங்கு என்று நினைத்து, கையில் அப்பத்தோடு அவளுக்கு ஆசியும் வழங்கினேன். கோடு கூடியதும் அவள் இடுப்பில் கைவைத்து நின்று, வட்டத்தின் குறுக்களவை எத்தனை முறை எடுத்தால் சுற்றளவு வரும், மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.

மூன்று என்றேன். சிரித்தாள். உடன்படிக்கை ஓலைக்கென்று வைத்திருந்த பட்டு நூலை எடுத்து, மண்டியிட்டுத் தவழ்ந்து நானே அளந்தேன். மூன்று முறை போக ஒரு துண்டு மிஞ்சியது. அந்தத் துண்டு குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு என்று அறிவித்தேன். அவள் அதே துண்டை ஏழு முறை வைத்துக் காட்டினாள்; ஒரு விரற்கடை குறைந்தது. அந்த விரற்கடைக்கு ஒரு கணக்குச் சொன்னேன்; அதிலும் ஒரு மயிரிழை இடித்தது. அந்த மயிரிழையைப் பிடிக்கப் போய் என் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். எட்டு முழ வேட்டியில் தவழ்ந்து வரும் தங்கள் தூதுவனைக் காண அண்டை வீட்டார் திரண்டு வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன்.

வெளியேற வழி ஒன்றே. அகப்பட்டவர் ‘எனக்குத் தெரியாது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் கைதட்டி விட்டுவிடுகிறார்கள். நங்கைப் பெருமாட்டியாரை அவர் தங்கை மகன் பிடித்தானாம். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அதிரசம் தின்னப் போய்விட்டாராம். சேனாதிபதி சொன்னாராம், கோயில் குருக்கள் சொன்னாராம். சொல்லாமல் விளக்கேற்றும் வரை உள்ளேயே இருப்பவன் அடுத்த வட்டத் திருநாள் வரை பள்ளி மாணவனாகக் கருதப்படுவான். இது விளையாட்டென்று நினைத்தேன். இல்லை, இங்கே சட்டம். மாணவன் வைக்கும் முத்திரை இந்நாட்டில் செல்லாது.

நான் ஏன் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் பாட்டனார் காலத்தில் நம் தூதுவன் ஒருவன் அயல் அவையில் மலையின் எல்லை தெரியாது என்று சொல்லப்போய், நாம் அந்த மலையையே இழந்தோம். அன்றிலிருந்து மோதிரம் வாங்கும் ஒவ்வொருவனும் அயல் மண்ணில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று தங்கள் படிக்கட்டில் நின்று ஆணையிட்டு உறுதி கூறுகிறான். ஆணை மீறியவனின் மோதிரம் செல்லாது. சொல்லாவிட்டால் மாணவன், முத்திரை இல்லை. சொன்னால் ஆணை தவறியவன், அப்போதும் முத்திரை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் வயல் காய்கிறது. அரசே, எத்தனையோ அவைகளில் நின்றிருக்கிறேன். வாள்களுக்கு நடுவிலும் நின்றிருக்கிறேன். இன்றுதான் ஒரு மாவுக் கோட்டுக்குள் அகப்பட்டேன்.

பூங்கொடியாள் நல்லவள். பாத்திரங்களோடு என்னைச் சுற்றிச் சுற்றியே நடந்தாள். ஒரு முறை நின்று அவள் சொன்னதை அவள் மொழியிலேயே எழுதுகிறேன்: “சொல்லிட்டு எந்திரிச்சு வாங்களேன் ஐயா. இதுல என்ன குறைஞ்சு போச்சு?” என்ன குறைந்துபோகும் என்பதை நான் அவளுக்கு எப்படி விளக்குவேன்! வீட்டுப் பூனை கோட்டைத் தாண்டி உள்ளே வந்து என் அப்பத்தை முகர்ந்துவிட்டுத் தாண்டிப் போனது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பிறகு எறும்புகள் வந்தன. அரிசிமாவு அல்லவா, ஒவ்வொரு துகளாக இழுத்துக்கொண்டு போயின. ஓரிடத்தில் கோடு அறுந்தால் அந்த வழியே வெளியேறலாம், அப்போது எந்தச் சட்டமும் மீறப்படாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றின் வெற்றிக்கு மனத்துக்குள் வாழ்த்துக் கூறினேன். சிறுமி கொட்டாங்கச்சியோடு வந்து அறுந்த இடத்தை நிரப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கேட்டேன், நீ ஏன் விளையாடப் போகவில்லை என்று. பிடித்தவர் காவல் இருக்க வேண்டுமாம். பள்ளி முற்றத்தில் மற்ற பிள்ளைகள் சக்கரம் உருட்டும் ஓசை இங்குவரை கேட்டது. ஒவ்வொரு ஓசைக்கும் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. என் வீம்பு ஒரு குழந்தையின் திருநாளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் தோற்றதாகவே வைத்துக்கொள், சரியான விடையை நீயே சொல், நான் திருப்பிச் சொல்கிறேன் என்று இறங்கிவந்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: “எனக்கும் தெரியாது மாமா. எங்க வாத்தியாருக்கே தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னுதான திருவிழாவே!”

அரசே, இத்தனை பட்டம் பெற்ற என்னை மாமா என்று அழைத்ததையும் நான் பொருட்படுத்தவில்லை. விடையே இல்லாத ஒரு கேள்வியின் முன் இத்தனை நேரம் நான் தவழ்ந்திருக்கிறேன். அது இல்லை என்பதை மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாடே அப்பம் சுட்டுத் தின்கிறது. நானோ அந்த ஒரு சொல்லை மலைபோல் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

பலகையில் உட்கார்ந்தபடியே ஆணையின் வாசகத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். “அச்சொல்லை அவன் சொன்னான் என்பது அரசர் செவியில் விழும் கணத்தில் அவன் மோதிரம் செல்லாது.” செவியில் விழும் கணத்தில் என்றுதான் இருக்கிறது, அதற்கு முன் அல்ல. அதுவரை அவன் வைத்த முத்திரை தங்கள் முத்திரையே.

ஆகவே அறிவிக்கிறேன். இந்த வரியிலிருந்து எழுதுவது வட்டத்துக்கு வெளியே, பிளவுக்கல் மதகின் கரையில் நின்று. எப்படி வெளியே வந்தேன் என்பதை இந்த ஓலையின் கடைசி வரி சொல்லும். தாங்கள் ஊகித்திருப்பீர்கள், ஊகிப்பது வேறு, செவியில் விழுவது வேறு. விளக்கேற்றிய வேளையில் இரு முத்திரைகளும் விழுந்தன. மதகின் பலகைகளை மேலே தூக்கினார்கள். நம் எல்லை மதகுக் காவலனுக்கும் வாய்க்காலைத் திறந்துவைக்கும்படி முத்திரையிட்ட கட்டளை குதிரைமேல் போய்விட்டது. தண்ணீர் என் காலடியில் நுரைத்துக்கொண்டு நம் நாட்டை நோக்கிப் போகிறது. அல்லியங்கோதை சக்கரம் உருட்டப் போய்விட்டாள்.

இவ்வோலை சுமப்பவனுக்கு என் கட்டளை: வாய்க்கால் கரையோடு நட, நீரின் முனைக்குப் பின்னாலேயே நட, எக்காரணத்தாலும் அதை முந்தாதே. இதை அரசருக்கு வாசிக்கும் ஓலைநாயகருக்கு என் கட்டளை: இந்த முத்திரைக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. இங்கே நிறுத்துக. அரசர் எழுந்து கீழைச் சாளரத்தின் அருகே சென்று வாய்க்காலைப் பார்க்கட்டும். தண்ணீர் தெரியாவிட்டால் ஓலையைச் சுருட்டி வைத்துக் காத்திருக்கவும். தெரிந்தால், அவர் போதுமான நேரம் பார்த்து முடித்த பின், மேலே வாசிக்கவும். நாவல்மரம் பொறித்த வெண்ணாவல் நாட்டு அரசமுத்திரை இங்கே நெடுங்காவனால் வைக்கப்பட்டது.

‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னேன், அரசே. மோதிரத்தை ஓலைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன்.