பட்டியலில் இல்லாத பழசு

சீரிஸ் குறுங்கோள், நீர் ஆய்வு நிலையம்
பொறுப்பு: ஜெபசெல்வி (தனி ஆள்)

நாள் 212, காலை 9:10
நிலையத்துக் கணினியில் புது இயங்குதளம் நிறுவும் வேலை தொடங்கியது. பழையதை அழிக்கவில்லை. ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் பழசு, அடுத்த பாதியில் புதுசு. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் பழசின் சொல்லை மட்டும்தான் கேட்கும். பூமியோ இந்த வாரம் முதல் புதுசுக்கு மட்டுமே புரியும் முறையில் பேசுகிறது. மாற்றுக் கணினி போன மாதமே கருகிவிட்டது. ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும்.

இங்கே இருப்பது ஒரே பென் டிரைவ். அதிலிருந்த பழுதுநீக்கும் நிரலை அழித்துவிட்டுத்தான் புதுசை ஏற்ற முடிந்தது. பரவாயில்லை, பழசு நன்றாகத்தானே ஓடுகிறது.

நாள் 212, மாலை 3:40
முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் திரையில் பட்டியல் வருகிறது: மேலே புதுசு, கீழே பழசு. புதுசு ஓடும்போது காற்று இயந்திரம் நிற்கும். ஒரு மணி நேரம் என்றால் ஒன்றும் ஆகாது.

நாகர்கோவிலிலிருந்து முதல் குரல். என் மகள் அக்ஸா, ஆறு வயது.
"அம்மா, எப்பம் வருவ? அப்பா வச்ச சட்னியில உப்பே இல்ல."
திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நாள் 219, மாலை 5:00
என் கணவர் டார்வின், கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து:
"செல்வி, ஒரு சின்ன அப்டேட் அனுப்பியிருக்கேன். இன்னும் சோதிச்சு முடிக்கல்ல, நான்தான் கெஞ்சி வாங்கினேன். போட்டா குரலோட படமும் வரும். பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்தாச்சு, பாக்க வேண்டாமா?"
அப்படிக் கேட்டால் என்ன செய்வது? போட்டேன்.

நாள் 219, மாலை 6:20
படம் வந்தது. ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் விட்டிருக்கிறார் மனுஷன்.
பழசுக்குத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தேன். பட்டியல் வரவில்லை. நேராகப் புதுசே வந்து நின்றது.

நாள் 219, நள்ளிரவு
பழசு அழியவில்லை. முதல் பாதியில் ஒரு கோப்பு குறையாமல் அப்படியே இருக்கிறது. அதை எழுப்பும் வழியைத்தான் அப்டேட் அழித்துவிட்டது. அதைச் சரிசெய்யும் நிரல் பென் டிரைவில் இருந்தது. நான் அழித்தது. காற்று இயந்திரத்தின் வால்வைக் கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. விண்வெளி உடையிலுள்ள காற்றையும் சேர்த்தால் இரண்டு நாள் தாங்கும்.

நாள் 220
டார்வின்: "பழுதுநீக்கும் நிரலை அனுப்பத் தொடங்கியாச்சு. பெரிய நிரல், முழுசா வந்து சேர ஆறு நாள் ஆகுமாம். செல்வி, நான்தானே... நான்தானே போடச் சொன்னேன்."

என் பதில்: "சொன்னது நீங்க, போட்டது நான். பென் டிரைவ அழிச்சதும் நான். பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. தலைக்கு எண்ணெ வச்சு விடுங்க. அவளப் பேசச் சொல்லுங்க."

நாள் 221
தலை வெடிக்கிறது. எழுத்து கண்ணில் நிற்காமல் ஓடுகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: நிரல் வந்ததும் தானாக ஓடி, பழசை எழுப்பும்படி வைத்திருக்கிறேன். பயப்படாமல் உள்ளே வாருங்கள். காற்று இருக்கும்.

அக்ஸாவுக்குப் படம் அனுப்பினேன். சிரித்துத்தான் அனுப்பினேன். அவள் பதில் வந்தது:
"அம்மா, ஏன் கொட்டாவி விட்டுட்டே இருக்க? ஒறக்கம் வருதா? செரி, நீ ஒறங்கு. நான் பேசிட்டே இருக்கேன்."
பேசு மக்ளே. அம்மா கேட்டுக்கிட்டுத்தான்

நாள் 226 — தானியங்கிப் பதிவு
நிரல் முழுமையாக வந்தது. பட்டியல் சரிசெய்யப்பட்டது.
பழைய இயங்குதளம் இயங்குகிறது. காற்று இயந்திரம்: சீர்.
பூமியிலிருந்து குரல் செய்தி வந்துகொண்டிருக்கிறது. முறை புரியவில்லை. ஒதுக்கப்பட்டது.
குரல் செய்தி. ஒதுக்கப்பட்டது.
குரல் செய்தி. ஒதுக்கப்பட்டது.