சியாங்மாய்க்கு நீ வந்த காரணம்

இன்று காலை செங்கம் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். நாம் மெஸ் நடத்திய இடத்தில் இப்போது ஒரு கஃபே இருக்கிறது. வாசலில் கரும்பலகை வைத்து அன்றைய சாப்பாட்டை இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அதைப் படிப்பதற்கு முன்பே எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்கும் வாசனை வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, ஓரமாகப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் நான்கு வருஷம் ஆகிறது.

அந்த மெஸ்ஸில் அடுப்பு உன்னுடையது, வாசல் என்னுடையது. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் உன் கைக்காகவே நம்மிடம் வந்தார்கள். நீ ருசி பார்த்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மூக்குதான். அம்மியடியில் திரும்பி உட்கார்ந்துகொண்டே, "பருப்பு அடி பிடிக்கப் போவுது, எறக்கு" என்பாய். எறக்கிப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

குளிர்காலம்தோறும் வருகிற தாய்லாந்துக்காரி மாலியை உனக்கு நினைவிருக்கும். அவளுடைய அக்கா சியாங்மாயில் தன் வீட்டிலேயே வெளியூர்க்காரர்களுக்குச் சமையல் வகுப்பு நடத்துகிறாள், ஒருமுறை வந்து கற்றுக்கொண்டு போங்கள் என்று மாலி ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த வருஷம் நீ சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டாய். சென்னையையே நான்கைந்து முறைதான் பார்த்தவள் நீ. கடல் தாண்டிப் போய்ச் சமையல் கற்க வேண்டுமா என்று உன் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். சீசனுக்கு வருகிறவர்கள் தாய்லாந்துச் சாப்பாடு கேட்கிறார்கள், கற்றுக்கொண்டு வந்தால் மெஸ்ஸுக்கு நல்லது என்று அவர் வாயை அடைத்தாய். அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

சியாங்மாயில் முதல் நாள் மாலியின் அக்கா நம் இருவரையும் சந்தைக்கு அழைத்துப் போனாள். நம்மோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு தம்பதியும் இருந்தார்கள். ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம சித்தரத்தை மாதிரி இருக்குதுடி" என்றாய். அவ்வளவுதான் பேசினாய். அதன் பிறகு ஒவ்வொரு கடையிலும் நின்று, ஒவ்வொரு இலையையும் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாய். வாசனையை மனப்பாடம் செய்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த கடைக்குப் போகும்போது உன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அவள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் வரிசையாக அடுப்புகள். மாலியின் அக்கா இறால் விழுதை வாழை இலையில் பொட்டலம் கட்டி நெருப்பில் வாட்டினாள். நம் ஊர்க் கருவாட்டை நூறு வீட்டில் ஒன்றாகச் சுட்டது போல ஒரு நாற்றம் எழுந்தது. அந்த ஆஸ்திரேலியாக்காரி வெளியே ஓடினாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீ மட்டும் அந்தப் பொட்டலத்துக்கு நேராகக் குனிந்து நின்றாய். உன் தைரியத்தைப் பார்த்து அக்கா கை தட்டினாள். நீ என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாய்.

"எதுனா வாசனை வருதாடி?"

விளையாடுகிறாய் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் சொன்னாய்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. சளின்னு நெனச்சேன். பெருங்காயம் போச்சு, மல்லிப்பூ போச்சு. எம் பொண்ணு லீவுக்கு வந்து கட்டிப் புடிச்சா, அவ தலை வாசனை கூட வரல."

அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சமைத்தாய் என்று கேட்டேன். கண்ணாலும் கைப் பழக்கத்தாலும் என்றாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னை அடுப்பாண்ட விடமாட்ட. இங்க எல்லாமே புது வாசனையாச்சே. பழசுதான் போயிருக்கும், புதுசு ஒண்ணாவது தெரியும்னு நெனச்சிக்கினு வந்தேன்."

உள்ளே இருந்து அக்கா கூப்பிட்டாள். நீ முகத்தைக் கழுவிக்கொண்டாய். "நீ மோந்து சொல்லு, நான் கிளறறேன்" என்று சொல்லி அடுப்புக்குப் போனாய். விழுதின் பச்சை வாசனை போனதும் சொன்னேன், தேங்காய்ப் பால் ஊற்றினாய். இலை வாசனை மேலே வந்ததும் சொன்னேன், இறக்கினாய். அன்று எல்லோரும் செய்ததில் உன்னுடையதுதான் நன்றாக இருந்தது என்றார்கள். மேஜையில் எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய்.

ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று உன்னோடு சண்டையே போட்டேன். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும், அது முடியட்டும் என்றாய். தீபம் முடிவதற்குள் தலைவலி வந்துவிட்டது. வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் கட்டி. பல வருஷமாக வளர்ந்திருக்கிறது, ஒரு மாதம் முன்பின் வந்ததால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நம்பத்தான் பார்க்கிறேன். சில நாட்கள் முடிகிறது.

ஆபரேஷனில் மூக்கு நரம்புகளைக் காப்பாற்ற முடியாது, இனி வாசனையே வராது என்றும் அவர் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் அழுதார். நீ ஒன்று மட்டும் கேட்டாய்: "நாக்கு இருக்குமா சார்?" உப்பும் புளிப்பும் தெரியும் என்றார். தலையை ஆட்டிக்கொண்டாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். சில நாட்களில் காய்ச்சல் வந்து, அது மூளைக்கு ஏறி, நீ போய்விடுவாய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் முடிந்து உனக்கு நினைவு திரும்பிய மறுநாள் காலை, தலைக்கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தாய். நான் பிளாஸ்க்கைத் திறந்தேன்.

"காபி கொண்டாந்தியா?" என்றாய். "வாசனை நல்லா வருதுடி."

பிளாஸ்க்கில் இருந்தது சீரகக் கஞ்சி.

"ஆமாண்டி" என்றேன்.

உன் உதட்டில் சிரிப்பு வந்தது. தலையணையை உயர்த்தி டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உப்பு தெரிந்திருக்கும். கஞ்சி என்று தெரியாமல் இருந்திருக்காது. நீ ஒன்றும் கேட்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை ஒரு தடவை அழுத்தினாய்.

உனக்கு உண்மையிலேயே ஏதோ வாசனை வந்ததா, அல்லது என் மனம் குளிரட்டும் என்று சொன்னாயா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அந்த அழுத்தம் மட்டும் என் கையில் அப்படியே இருக்கிறது.