கழிமுகச் சாத்தை மீட்ட ஆணை

வளம் குன்றா வேள்கரை நாடாளும் கோமகள் பெருந்தேவியாரின் ஆணை தாங்கி, அவர்தம் பேரமைச்சன் சேந்தன் அருவந்தை, மாடவூர் வேந்தர் விடங்கவேளார்க்கு விடுக்கும் ஓலை. உமது நாட்டில் மழை பொய்யாதிருக்க. உமது குடிகள் நலமே வாழ்க. உமது வணிகர்க்கு அவ்வாழ்த்தை யாம் கூறவில்லை.

உப்பும் மிளகும் ஏற்றிக் கடலோடும் எம் கழிமுகச் சாத்தும், உமது குடைநிழலில் வாழும் மணிவாயில் சாத்தும் ஒரே வணிகக் குழுவாய் இணைவதென்று சென்ற தைத் திங்களில் உடன்படிக்கை எழுதப்பட்டது. நீரே சான்றாய் முத்திரை இட்டீர். எம் படகோட்டிகள் எவரையும் விலக்குவதில்லை என்றும், தம்மீதுள்ள வழக்கு எதையும் மறைக்கவில்லை என்றும் உமது சாத்துத் தலைவன் உதிரன் நிறைந்த அவையில் சூளுரைத்தான். எம் சாத்துத் தலைவி எயினி நங்கை அச்சொல்லை நம்பி ஒப்பமிட்டாள்.

அச்சொல் பொய். மிளகில் காட்டு விதை கலந்து விற்றமைக்காக மணிவாயிலாரின் கலங்கள் வேற்று நாட்டுத் தென்முனைத் துறையில் முன்னரே தடைசெய்யப்பட்டிருந்தன. அதை அறியாத எயினியின் தம்பி தத்தன், இணைப்புக்குப் பின் உமது சாத்தின் கொடியேற்றிச் சென்று, அத்துறையில் நங்கூரமிட்ட அன்றே விலங்கிடப்பட்டான். கொடி எவருடையதோ குற்றமும் அவருடையதே என்று துறைக்காவலர் உரைத்தனராம்.

செய்தி கேட்ட எயினி உணவும் கொள்ளாது மாடவூர் வந்து உதிரன் வாயிலில் நின்றாள். அவனோ, "மீனை முழுங்கியாச்சு. இனிமே மீன்கிட்ட என்ன பேச்சு?" என நகைத்தான். ஆளனுப்பி எம் படகோட்டிகளையும் கழிமுகத் துறையைவிட்டுத் துரத்தினான். "முள்ளு தொண்டையில நிக்கும்போது உமக்குப் பேச்சே வராதுய்யா" என்று சொல்லித் திரும்பியவள், எம் அவையில் முறையிட்டாள்.

எம் பண்டகசாலைகளைக் கைக்கொள்ள உதிரன் தானே எம் எல்லைக்குள் வந்தான். பிடித்து அவையில் நிறுத்தினோம். அவன் அஞ்சவில்லை. இணைந்தபின் இரு சாத்தும் ஓருடலே, ஆதலின் ஒருவர் குற்றம் அனைவரையும் சேருமென்று சட்டநூல் காட்டி வாதிட்டான். அவ்வாதத்தை யாம் மறுக்கவில்லை. ஓருடலாயின், குற்றம் செய்த கையே விலங்கணிவது முறையெனத் தீர்த்து, அவனைத் தென்முனைக்குக் கலமேற்றி அனுப்பினோம். துறைக்காவலர் அவனைப் பெற்றுக்கொண்டு தத்தனை விடுத்தனர். கணுக்காலில் புண்ணோடு கரையிறங்கிய தம்பியைக் கண்டு எயினி அழவில்லை. எல்லோர் முன்னிலையிலும் உமது சாத்தின் கொடியைக் கிழித்து அப்புண்ணுக்குக் கட்டினாள்.

ஆதலின் அறிக: உண்மையை மறைத்துப் பெற்ற இசைவு இசைவன்று. இணைப்பு இன்றே அற்றது. படகும் துறையும் பண்டகசாலையும் கழிமுகத்தார்க்கே மீண்டன. படகோட்டிகள் தம் துடுப்பை மீண்டும் ஏந்திவிட்டனர். அங்கே உமது ஆட்கள் எஞ்சியிருப்பின் அழைத்துக்கொள்க. உதிரனை விடுவிக்கக் கோரி எம்மிடம் தூதரை அனுப்பற்க. அவனைச் சிறை வைத்தவர் தென்முனையார். பொய்க்குச் சான்றாய் நின்ற உமது முத்திரை, இனி எம் நாட்டின் எந்த வாயிலையும் திறவாது.

கோமகளாரின் சுறா இலச்சினை பொறித்து இவ்வோலை கட்டப்பட்டது. மறுமொழி எழுத வேண்டா, ஆணைப்படி செய்க.